யாரபூல் ஊரின் மூன்றாவது குதிர்

கெல்வின் தன் ஃபைலைத் திறப்பதற்குள் கடைக்காரர் அவன் உயரத்தை அளந்து முடித்துவிட்டார். விவசாய இயந்திரங்கள் விற்கும் கடை. வெல்டிங் தெரிந்த ஆள் தேவைப்படுகிறதாம் என்று மோரா சொல்லியிருந்தாள். மோரா அவன் மனைவி. ஊர் மருத்துவமனையில் நர்ஸ். அதை நம்பிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு காலை எட்டரைக்கே வந்து நின்றிருந்தான்.

"எந்த இடத்துல ஆடுவே?" என்றார் கடைக்காரர்.

கெல்வின் ஏறி இறங்கிய ஏழாவது இடம் அது. ஏழிலும் முதல் கேள்வி இதுதான். தான் ஃபுட்பால் ஆடுவதில்லை என்று சொன்னான். கடைக்காரர் முகத்தில், துக்க வீட்டுக்கு வந்தவர் முகத்தில் வருமே, அந்த மாதிரி ஒரு மரியாதை வந்தது. இடம் போன வாரமே நிரம்பிவிட்டது என்றார். அவருக்குப் பின்னால் சுவரில் 'ஆள் தேவை' அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. இருவருமே அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

கெல்வின் வீட்டாரைச் சேர்க்காமல் யாரபூலில் அப்போது எண்ணூற்றுப் பதினோரு பேர். எண்ணூற்றுப் பத்துப் பேர் ஃபுட்பால் கிளப்பில் உறுப்பினர்கள். மீதி ஒருவர் பக்கத்து ஊர் அணியை ஆதரித்தவர். அவருக்கு வரும் கடிதங்களைத் தபால்காரர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே வீசுவார். முட்டை வடிவப் பந்து, பதினெட்டு ஆள், கையால் பிடிக்கலாம், தோளால் இடிக்கலாம், அதுதான் அவர்கள் ஆட்டம். ஊர் அணி தொடர்ந்து இருபத்தாறு ஆட்டங்களில் தோற்றிருந்தது. அதனால் பக்தி கூடியிருந்தது. வெளியூரிலிருந்து ஆடத் தெரிந்தவன் எவன் வந்தாலும் வேலை, வீடு, பழைய சோஃபா, சமயத்தில் பெண்டாட்டி வரைக்கும் கிளப் பார்த்துக் கொடுத்துவிடும். ஆடத் தெரியாதவனுக்கு, பஸ் எத்தனை மணிக்கு என்று அன்பாகச் சொல்வார்கள்.

கெல்வினுக்கு நாற்பத்து நான்கு வயது. பதினோரு வருடம் பாலைவனச் சுரங்கம் ஒன்றில் ஃபிட்டராக இருந்தவன். மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். போக வர விமானம். மகள் டாம்சின் பள்ளியில் குடும்பப் படம் வரைந்தாள். அம்மாவை வரைந்தாள், பூனையை வரைந்தாள், மூலையில் ஒரு விமானம் வரைந்து அதன் ஜன்னலில் ஒரு கையை மட்டும் வைத்தாள். யார் இது என்று டீச்சர் கேட்டதற்கு, "அப்பா. முகம் சரியா ஞாபகம் வரல" என்றாளாம். அந்த வாரமே கெல்வின் வேலையை விட்டான். மோராவுக்கு யாரபூலில் வேலை கிடைக்க, மூவரும் பூனையுமாக எழுநூறு கிலோமீட்டர் தள்ளி வந்து சேர்ந்தார்கள்.

அதற்குள் ஒன்பது வாரம் ஓடிவிட்டது. ஒருத்தி சம்பளத்தில் வீடு தள்ளாடியது. பழைய சுரங்கத்திலிருந்து கடிதம் வந்திருந்தது: இடம் இன்னும் இருக்கிறது, வரும் திங்கட்கிழமை நண்பகலுக்குள் பதில் சொல்லவும். மோரா அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தாள். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. டாம்சின் மட்டும், பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதை ஒருமுறை படித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள்.

ஊரில் மிச்சமிருந்த ஒரே இடம் கோதுமைக் குதிர்கள். ரயில் பாதையோரம் ஐந்து இரும்புக் குதிர்கள், ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். அவற்றின் வேலியை ஒட்டி ஃபுட்பால் மைதானம். குதிர்களுக்கு மேலாளர் நார்ம் லீபெல்ட். கிளப்புக்குத் தலைவரும் அவரேதான். எந்த நாற்காலியில் உட்கார்ந்து எதைப் பேசுகிறோம் என்று அவருக்கே சில சமயம் குழம்பிவிடும் என்பார்கள்.

கெல்வின் நீட்டிய ஃபைலை நார்ம் நன்றி சொல்லி வாங்கி, அதன் மேல் தன் டீக் கோப்பையை வைத்தார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கெல்வினைக் காலிலிருந்து தலை வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. பந்தை நடுவர் மேலே எறியும்போது எம்பித் தட்டுவதற்கு ஒரு நெட்டை ஆள் வேண்டும். யாரபூலின் நெட்டை ஆள் கல்யாணமாகிக் கடற்கரை ஊருக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"நடுவுல தட்டுவியாப்பா?"

கெல்வின் ஃபிரிட்ஜ் கதவை நினைத்துக்கொண்டான்.

"தட்டுவேன்" என்றான்.

அவன் வாழ்நாளில் தொட்ட பந்து பூனையுடையது ஒன்றுதான். சரி, இன்றே வேலைக்கு வா, சனிக்கிழமை ஆடு, திங்கட்கிழமை காலை வேலை நிரந்தரம் என்று நார்ம் கை குலுக்கினார். ஃபைல் டீக் கோப்பைக்கு அடியிலேயே இருந்தது.

குதிர்களுக்குப் பொறுப்பாளன் ஜாரட் என்ற இருபத்து மூன்று வயதுக்காரன். போன வருடம் ஒரே ஆட்டத்தில் பதினோரு கோல் போட்டவன். அந்த ஆட்டத்திலும் ஊர் தோற்றது. ஆனால் பதினோரு கோல் போட்டவனை அடுத்த ஊர் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதே என்று, மறுநாளே அவனைப் பொறுப்பாளன் ஆக்கிவிட்டார்கள். அதுவரை அவன் ரொட்டிக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தான். நல்ல பையன். கெல்வினுக்குத் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தான். எதற்கும் சிரிப்பான்.

கெல்வினுக்குச் சிரிப்பு வரவில்லை. குதிரின் அடியில் ஒரு ராட்சதத் திருகு சுழன்று, கோதுமையை வெளியே நிற்கும் லாரிக்கு இழுத்துத் தள்ளும். மூன்றாவது குதிரில் கூரை ஒழுகி, ஈரம் ஏறி, கோதுமையின் மேற்பரப்பு அப்பளம் மாதிரி இறுகிக் கிடந்தது. கீழே திருகு இழுக்க இழுக்க, அந்த அப்பளத்துக்கு அடியில் வெற்றிடம் உண்டாகும். ஜாரட் திருகை நிறுத்தாமலேயே, இடுப்பில் கயிறு இல்லாமல், மண்வெட்டியோடு உள்ளே இறங்கி அதன் மேல் நடந்து குத்தி உடைத்துவிட்டு வந்தான். கெல்வின் சேர்ந்த அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் இரண்டு தடவை. உள்ளே ஆள் இருக்கையில் எவரும் தவறிப் போட்டுவிடாமலிருக்க, சுவிட்சைப் பூட்டுவதற்கென்றே ஒரு சிவப்புப் பூட்டு ஆணியில் தொங்கியது. அதில் சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

எடைமேடையில் லாரிகளை எடை போடும் வெரினா, கெல்வின் அந்தப் பூட்டைப் பார்ப்பதைப் பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும். பதினாலு வருடமாக அங்கே இருப்பவள். இதைப் பற்றி நார்மிடம் சொல்லியிருக்கிறாளா என்று கெல்வின் கேட்டான்.

"பதினாலு வருஷமா சொல்றேன். எம் பேச்சு காதுல விழணும்னா நான் இடது கால்ல அம்பது மீட்டர் உதைக்கணும். நீ சொல்லேன், நெட்டையன் சொன்னாக் கேப்பாரு."

கெல்வின் சொல்லவில்லை. வந்து ஒரு நாள் ஆகவில்லை, ஊரின் செல்லப்பிள்ளை மேல் புகார் சொன்னால் சனிக்கிழமை வரைக்குமாவது நிற்க விடுவார்களா? அன்று மாலை, உருளைக்கிழங்கு உரித்தபடி மோராவிடம் எல்லாவற்றையும் சொன்னான். உடனே போய்ச் சொல் என்றாள் அவள். திங்கட்கிழமை வேலை நிரந்தரம் ஆகட்டும், மறு நிமிடமே சொல்லிவிடுகிறேன் என்றான்.

மோரா கத்தியைக் கீழே வைத்தாள். "உன் திங்கக்கிழமை அந்தக் குதிருக்குத் தெரியுமா?"

அன்று உருளைக்கிழங்கு தேவைக்கு மேல் உரிக்கப்பட்டது.

வியாழக்கிழமை மாலைப் பயிற்சிக்கு முக்கால் ஊர் வேடிக்கை பார்க்க வந்தது. பந்து மேலே போனது. கெல்வின் எம்பினான். கெல்வின் கீழே வந்த பிறகு பந்து கீழே வந்தது. மூன்று தடவை இப்படி நடந்தது. நான்காவது தடவை பந்து அவன் மண்டையில் பட்டு நேரே எதிர்க் கோலுக்குள் போயிற்று. அத்தனை துல்லியமாக அந்த மைதானத்தில் எவனும் அதுவரை அடித்ததில்லை என்று இன்றைக்கும் சொல்லுகிறார்கள். தொடையில் நரம்பு பிடித்திருக்கிறது என்று கெல்வின் முனகினான். நார்ம் தன் கிளப் தலைவர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். அன்று முழுக்க அவர் கெல்வின் கண்ணைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஆட்டம் தொடங்கியதுமே எல்லாம் முடிந்துவிடும் என்று கெல்வினுக்குப் புரிந்தது.

சனிக்கிழமை காலை, ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு லாரி ஏற்றியாக வேண்டும் என்று உத்தரவு. ஒன்பதரைக்கெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் மைதானத்தில் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. முதல் லாரி போனது. இரண்டாவதில் பாதி நிரம்பும்போது கோதுமை மெலிந்து, நூலாகி, நின்றுபோனது. மூன்றாவது குதிரில் திருகு வெறுமையாகச் சுழலும் சத்தம் கேட்டது.

ஜாரட் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஏணிக்குப் போனான். கெல்வின் சுவிட்ச் பக்கத்தில் நின்றிருந்தான். நிறுத்தட்டுமா என்று கேட்டான்.

"வேணாம்ப்பா. நிறுத்திட்டா மறுபடி கிளப்ப இருபது நிமிஷம். எனக்கு ஷூ மாத்தணும்."

கெல்வினின் கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. அழுத்தியிருக்கலாம். அழுத்தினால் லாரி தாமதம், நார்ம் கோபம், திங்கட்கிழமை, கடிதம், விமானம். எல்லாமே அந்த ஒரு விரலுக்குள் வந்து நின்றன. விரல் நகரவில்லை. மேலே கூரைக் கதவு திறந்தது. மண்வெட்டி குத்தும் சத்தம் ஐந்து தடவை கேட்டது.

ஆறாவது கேட்கவில்லை. திடீரென்று கோதுமை குபுகுபுவென்று லாரியில் கொட்டியது.

கெல்வின் பொத்தானை அடித்துவிட்டு ஏணியில் பாய்ந்தான். கூரைக் கதவு வழியே பார்த்தால், புழுதிக்கு நடுவே ஜாரட்டின் தலையும் தோளும் இரண்டு கைகளும் மட்டும் தெரிந்தன. மார்பு வரை புதைந்திருந்தான். ஒவ்வொரு முறை அவன் மூச்சை விடும்போதும் கோதுமை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மறுபடி இழுக்க முன்பைவிடக் குறைந்த இடமே இருந்தது.

கீழே ஊரே ஓடிவந்துவிட்டது. நார்ம் கயிற்றை வண்டியில் கட்டச் சொல்லி, மறுமுனையை அவன் அக்குளில் போடுங்கள், இழுத்துவிடலாம் என்றார். இல்லாவிட்டால் திருகைப் போட்டு அடியில் இருக்கும் கோதுமையை வடித்துவிடலாம் என்று சுவிட்சுப் பக்கம் போனார். அங்கே வெரினா நின்றிருந்தாள். பிரதான மின்சாரத்தையே அணைத்து, அந்தச் சிவப்புப் பூட்டைப் போட்டுப் பூட்டி, சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"திருகைப் போட்டா, கோதுமையோட அவனும் போவான். சாவி வேணும்னா என்னைத் தள்ளிட்டுப் போ நார்ம்."

கெல்வின் மேலேயிருந்து கத்தினான். இழுக்கக் கூடாது, கோதுமை அவனைப் போல ஐந்து ஆள் கனத்தில் பிடித்திருக்கிறது, இழுத்தால் முதுகெலும்புதான் கையோடு வரும் என்றான். உனக்கு எப்படித் தெரியும் என்று நார்ம் கத்தினார்.

"ஒம்பது வருஷம் சுரங்க மீட்புப் படையில இருந்தேன். என் ஃபைல்ல மூணாம் பக்கத்துல இருக்கு. இப்ப தகரம் வேணும். ஆள் உயரம், ரெண்டு முழம் அகலம். ஆறு."

நார்ம் ஒரு கணம்தான் நின்றார். பிறகு மைதானத்தின் மதிப்பெண் பலகையை நோக்கித் தன் அறுபத்தோராம் வயதில் ஓடினார். ஊரே புனிதமாக நினைத்த பலகை அது. அதன் தகரங்களை அவரே முதல் ஆளாகப் பிய்த்தார். எதிரணிக்காரர்களும் பிய்த்தார்கள், அவர்களுக்கு அந்த ஆசை ரொம்ப நாளாக இருந்தது.

கெல்வின் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பலகைகளைப் போட்டு அதன் மேல் படுத்தபடி உள்ளே நகர்ந்தான். தகரங்களை ஒவ்வொன்றாக ஜாரட்டைச் சுற்றிக் கோதுமைக்குள் செருகி இறக்கினான். சுற்றிலும் தகரம் நின்றால் வெளிக் கோதுமை உள்ளே சரியாது. உள்ளே இருப்பதை மட்டும் அள்ளி எடுத்தால் போதும். வாளி வாளியாக அள்ளினான். வாளி கூரைக்குப் போய், ஏணி வழியே கை மாறிக் கை மாறி, இரண்டு அணிக்காரர்கள் கையிலும் புரண்டு கீழே போயிற்று. மணி பத்தரையாயிற்று, பதினொன்றாயிற்று. ஜாரட்டின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. பேச்சை விடாதே என்றான் கெல்வின். ரொட்டி மாவு எப்படிப் பிசைவது என்று கேட்டான். ஜாரட் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். பாதியில் நிறுத்தினான்.

"எனக்கு இந்த வேலை தெரியாதுப்பா" என்றான். "யாருகிட்டயும் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"எனக்கு ஃபுட்பால் தெரியாது. நானும் சொல்லல" என்றான் கெல்வின். "பொத்தானை அழுத்தியிருக்கணும். அழுத்தல. உப்பு எப்பப் போடுவே? சொல்லு."

பன்னிரண்டே முக்காலுக்கு ஜாரட்டின் முழங்கால் தெரிந்தது. ஒன்றேகாலுக்கு அவனை வெளியே எடுத்தார்கள். மோரா கீழே ஸ்ட்ரெச்சரோடு நின்றிருந்தாள். மூன்று விலா எலும்பு முறிந்திருந்தது, உயிர் இருந்தது. ஆட்டம் ரத்தானது. இருபத்தாறு ஆட்டங்களுக்குப் பிறகு யாரபூல் தோற்காத முதல் சனிக்கிழமை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையில் ஜாரட் கட்டில் பக்கத்தில் நார்ம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஃபைல். இருபத்து மூன்று பக்கத்தையும் விரல் வைத்துப் படித்திருந்தார். கெல்வின் உள்ளே வந்ததும் எழுந்து, பந்து ஆட வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பொறுப்பாளன் வேலை உன்னுடையது, நாளைக் காலை கையெழுத்துப் போடு என்றார்.

கெல்வினுக்கு அந்தக் கையை உடனே பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. ஃபிரிட்ஜ் கதவுக்கு இன்னும் ஒரே நாள். ஆனால் கட்டிலில் ஜாரட் மூச்சு விடச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தான்.

"முதல்ல ஒண்ணு கேட்டுக்க, நார்ம். ஆபத்துன்னு செவ்வாக்கிழமையே தெரியும். வேலை போயிடுமேன்னு வாயை மூடிட்டு இருந்தேன். நேத்து பொத்தான் மேல விரலை வச்சுக்கிட்டே இருந்தேன். கோல் போட்டான்னு இவனுக்கு வேலை குடுத்தே. காப்பாத்தினான்னு எனக்குக் குடுத்தா அதுவும் அதேதான். வேலை தெரிஞ்சவனுக்குக் குடுக்காதது அவனுக்குச் செய்யுற அநியாயம். தெரியாதவனுக்குக் குடுக்குறது இருக்கே, அது அதை விடப் பெரிய அநியாயம். கட்டில்ல படுத்திருக்கான், பாரு. என்ன வேலை, என்ன தெரியணும்னு எழுதி ஒட்டு. வர்றவங்களைக் கேளு. நானும் வரேன்."

வீட்டுக்கு வந்து மோராவிடம் சொன்னபோது, அவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்துவந்து அவன் சட்டையை அவளே தேய்த்தாள்.

அன்று மாலையே கிளப் அறிவிப்புப் பலகையில், அணிப் பட்டியல் தவிர வேறொன்று முதன்முறையாக ஒட்டப்பட்டது: பொறுப்பாளர் வேலைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற அறிவிப்பு. அதில் ஏதோ எழுத்துப் பிழை என்று நினைத்து மூன்று பேர் திருத்தப் பார்த்தார்களாம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள்: கெல்வின், கசாப்புக்கடைக்காரரின் அக்கா மகன், வெரினா. நார்ம் மூன்று பேரிடமும் ஒரே கேள்வி கேட்டார். மூன்றாம் குதிரில் கோதுமை சிக்கிவிட்டது, என்ன செய்வீர்கள்? அக்கா மகன் நார்முக்கு ஃபோன் செய்வேன் என்றான். கெல்வின், திருகை நிறுத்தி, பூட்டி, சாவியைத் தன் பையில் போட்ட பிறகுதான் மேற்கொண்டு யோசிப்பேன் என்றான். வெரினா ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். ஒவ்வொரு குதிரிலும் ஈரம் எவ்வளவு, எந்த மழைக்கு எந்தக் கூரை ஒழுகியது, பதினாலு வருடக் கணக்கு அதில் இருந்தது.

"சிக்க விடமாட்டேன்" என்றாள்.

நார்ம் அந்த நோட்டைப் படிக்கப் படிக்க அவர் காது சிவந்தது. பொறுப்பாளர் வேலை வெரினாவுக்கு என்றார். மணி பதினொன்று இருபத்தைந்து. கெல்வின் அவள் கையைப் பிடித்து மனமார வாழ்த்தினான். அவளைவிடத் தகுதியான ஆள் அந்த ஊரில் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். தொப்பியை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டான். டாம்சினிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

வெரினா நார்ம் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நில்லு. அஞ்சு திருகு, ஒழுகுற கூரை. எனக்கு ஃபிட்டர் இல்லாம முடியாது. அந்த ஃபைலைக் கொண்டா நார்ம்." அவசரமே இல்லாமல் ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். இரண்டு சான்றிதழ்களைப் பற்றிக் குறுக்குக் கேள்வி கேட்டாள். பழைய மேற்பார்வையாளருக்கு ஃபோன் போட்டு விசாரித்தாள். கெல்வின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னான். பதினொன்று நாற்பத்தெட்டுக்கு அவள் நிமிர்ந்து, நாளை காலை ஏழு மணி, சொந்தப் பூட்டு ஒன்று வாங்கி வா என்றாள். பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு அவன் சுரங்கத்துக்கு ஃபோன் செய்து, வரவில்லை என்றான்.

யாரபூல் அந்த வருடம் மிச்சமிருந்த எல்லா ஆட்டங்களிலும் தோற்றது. ஜாரட் ரொட்டிக் கடைக்கே திரும்பிப் போய், முன்பைவிட நல்ல ரொட்டி சுட்டான். ஆகஸ்டில் ஒரு நாள், ஆறரை அடி உயரத்தில் ஒருத்தன் ஊருக்குக் குடிவந்தான். எலக்ட்ரீஷியன். இயந்திரக் கடைக்காரர் கிளப்பில் வந்து நார்மிடம் சண்டைக்கு நின்றார். எவ்வளவு உயரம் தெரியுமா, ஆட்டத்தைப் பற்றி அவனை ஒரு வார்த்தை கேட்காமல் ஒயரிங் மட்டும் தெரியுமா என்று பார்த்து வேலை கொடுத்தாயாமே, உனக்கு ஊர்ப்பற்று இருக்கிறதா என்றார்.

நார்ம் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார்.

"ஆட்டத்துல தோத்தா அடுத்த சனிக்கிழமை இருக்குப்பா. வேலையில ஆடத் தெரியும்னு ஆளைப் போட்டா, எவனோ ஒருத்தனுக்கு அடுத்த சனிக்கிழமையே இருக்காது. இனிமே இந்த ஊருக்கு யாரு வந்தாலும் வேலை தெரியுமான்னுதான் கேக்கணும். ஆட்டம் தெரியுமான்னு கேக்கக் கூடாது."